பையிலிருந்து பின்னோக்கி: ஒரு மரபணு சிகிச்சையைத் தயாரிப்பது எப்படி

மரபணு சிகிச்சைக்குள் வர விரும்பும் பயோடெக் மாணவர்கள் பெரும்பாலும் ஒரு வரைபடத்தோடு வருகிறார்கள். எந்த மரபணு, எந்தப் புரமோட்டர் (மரபணுவை இயக்கும் டிஎன்ஏ பகுதி), எந்த வைரஸ், எலியில் என்ன முடிவு வந்தது, எல்லாம் அதில் இருக்கும். சரி, 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இதைக் கொடுக்க எத்தனை செல் வேண்டும், அத்தனை செல்லுக்கு எத்தனை லிட்டர் வைரஸ் வேண்டும், அதை யார், எந்த அறையில், எத்தனை நாளில் செய்வார்கள் என்று கேட்டால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். எலியில் நன்றாக வேலை செய்த வடிவமைப்பை மனிதருக்கு வேண்டிய அளவில் தயாரிக்கவே முடியாமல் போய், நாலைந்து வருட உழைப்பை மறுபடி முதலிலிருந்து தொடங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த நாலைந்து வருடத்தில் நோயாளிகளும் காத்திருக்கிறார்கள், அதுதான் எனக்கு வலிக்கிறது.

அதனால் இந்த வழிகாட்டியைத் தலைகீழாக எழுதுகிறேன். நோயாளியின் ரத்தக் குழாயில் ஏறப்போகும் அந்தச் சின்னப் பையில் தொடங்கி, செல், வைரஸ், பிளாஸ்மிட் (வைரஸைச் செய்யப் பயன்படும் வட்ட வடிவ டிஎன்ஏ) என்று பின்னால் போய், மரபணுவைக் கடைசியில் தொடுவோம். நீங்களும் உங்கள் திட்டத்தை இந்த வரிசையில் ஒருமுறை எழுதிப் பாருங்கள்.

எடுத்துக்கொள்ளும் உதாரணம் ரத்த ஸ்டெம் செல் வழி. நோயாளியின் உடம்பிலிருந்தே ரத்த ஸ்டெம் செல்களை எடுத்து, வெளியே வைத்து, லென்டிவைரஸ் என்ற வெக்டர் (மரபணுவைச் சுமந்துபோகும் வைரஸ்) மூலம் சரியான மரபணுவை உள்ளே சேர்த்து, உறையவைத்து, சோதித்து, திரும்ப அவருக்கே ஏற்றுவது. பீட்டா தலசீமியா, சில பிறவி நோயெதிர்ப்புக் குறைபாடுகள், செல்லுக்குள் கழிவு சேர்ந்து மூளையை அழிக்கும் சில சேமிப்பு நோய்கள் ஆகியவற்றுக்கு இந்த வழி பயன்பட்டிருக்கிறது. இதைத் தேர்ந்தெடுக்க எனக்கு இன்னொரு காரணமும் உண்டு: வேலூரில் இது நடந்திருக்கிறது. சிஎம்சி வளாகத்தில் இருக்கும் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையத்தில் டாக்டர் அலோக் ஸ்ரீவத்சவா தலைமையிலான குழு, அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, கடுமையான ஹீமோஃபிலியா ஏ உள்ள ஐந்து பேருக்கு இந்த வழியில் சிகிச்சை கொடுத்தது. முடிவுகள் 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தன. சிகிச்சை பலன் கொடுக்கத் தொடங்கியபின் ஐந்து பேருக்குமே ரத்தக்கசிவு ஆண்டுக்கு பூஜ்யம். மூட்டுக்குள் ரத்தம் கசிந்து கசிந்து முப்பது வயதிலேயே நடக்க முடியாமல் போகும் ஒரு நோயில் பூஜ்யம் என்ற எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று ஹீமோஃபிலியா உள்ள ஒரு குடும்பத்தைக் கேளுங்கள்.

முதலில், இந்த வழிதானா?

மரபணுவை உடம்புக்குள் கொண்டுபோக இன்று இரண்டு பெரிய பாதைகள் உண்டு. ஒன்று ஏஏவி (அடினோ அசோசியேட்டட் வைரஸ்) என்ற சின்ன வைரஸை நேராக உடம்புக்குள் செலுத்துவது, மற்றொன்று நான் மேலே சொன்னது. எது என்று முடிவு செய்ய மூன்று கேள்விகள் போதும்.

மரபணு எவ்வளவு நீளம்? ஏஏவிக்குள் புரமோட்டர் முதல் எல்லாம் சேர்த்து சுமார் 4,700 டிஎன்ஏ எழுத்துகள்தான் அடங்கும். முதுகுத்தண்டு தசைநலிவு நோய்க்கான மரபணுவுக்கு 900 எழுத்துகூட இல்லை, தாராளமாகப் போகும். தசைக்கு வேண்டிய டிஸ்ட்ரோஃபின் புரதத்துக்கு மட்டுமே 11,000 எழுத்துகள், ஆகவே அதை வெட்டிச் சுருக்கித்தான் அனுப்புகிறார்கள். ஹீமோஃபிலியா ஏ-வில் வேண்டிய, ரத்தத்தை உறையவைக்கும் புரதமான ஃபேக்டர் 8-ஐயும் நடுப்பகுதியை நீக்கிவிட்டால்தான் நுழைக்க முடியும், அப்போதும் நெருக்கிப்பிடித்துத்தான் போகும்.

செல் பிரியுமா? ஏஏவி கொண்டுபோகும் மரபணு பெரும்பாலும் குரோமோசோமில் ஒட்டாமல் தனியாக மிதக்கும். நரம்பு செல், கண்ணின் விழித்திரை போலப் பிரியாத இடங்களில் அது பல வருடம் நிற்கும். ரத்த ஸ்டெம் செல் பிரிந்துகொண்டே இருப்பது, அங்கே மிதக்கும் மரபணு சில பிரிவுகளில் கரைந்துபோகும். குரோமோசோமிலேயே போய் உட்காரும் லென்டிவைரஸ் அங்கே பொருத்தம், அல்லது இருக்கிற இடத்திலேயே எழுத்தைத் திருத்தும் கிரிஸ்பர்.

மூன்றாவது, அளவு. முதுகுத்தண்டு தசைநலிவுக்கான ஸோல்ஜென்ஸ்மாவின் அளவு கிலோவுக்கு 1.1 × 10¹⁴ வைரஸ் மரபணுப் பிரதிகள். 10 கிலோ குழந்தைக்கு 1.1 × 10¹⁵. உங்கள் பயோரியாக்டர் லிட்டருக்கு 10¹⁴ கொடுக்கிறது, சுத்திகரிப்பில் மூன்றில் ஒரு பங்கு தேறுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரே குழந்தைக்கு 33 லிட்டர் கல்ச்சர். விழித்திரைக்கான லக்ஸ்டர்னாவில் ஒரு கண்ணுக்கு 1.5 × 10¹¹ போதும், அதாவது அதே கணக்கில் சில மில்லி கல்ச்சர். ஒரே வகை வைரஸ்தான், ஆனால் கண்ணுக்குச் செய்வதும் 30 கிலோ சிறுவனின் முழு உடம்புத் தசைக்குச் செய்வதும் வேறு வேறு தொழில்கள். முதல் முறை இறங்குபவர்கள் சிறிய அளவு போதுமான நோயைத் தேர்ந்தெடுப்பது நல்லது என்பது என் கருத்து.

வேலூர்க் குழு ஏஏவியை விட்டு ஸ்டெம் செல் பக்கம் போனதற்கு வலுவான காரணங்கள் உண்டு. ஏஏவிக்கு எதிரான ஆன்டிபாடி நம்மில் பலருக்கு ஏற்கெனவே இருக்கும், அவர்களுக்கு அந்த மருந்தைக் கொடுக்க முடியாது. குழந்தைகளின் கல்லீரல் வளர்ந்துகொண்டே இருப்பதால் மிதக்கும் மரபணு அங்கேயும் நீர்த்துப்போகும். ஸ்டெம் செல் வழியில் இந்த இரண்டு தடையும் இல்லை. அதற்குப் பதிலாகக் கடுமையான கீமோ வருகிறது, அதை அப்புறம் சொல்கிறேன்.

பையின் மேல் என்ன எழுதுவீர்கள்

ஒரு வெள்ளைத்தாள் எடுங்கள். பையில் ஒட்டும் லேபிளையும் அதோடு போகும் தரச்சான்றையும் எழுதுங்கள். எந்த எண்ணும் தெரியாவிட்டால் காலியாக விடுங்கள், அந்தக் காலி இடங்கள்தான் உங்கள் ஆராய்ச்சித் திட்டம்.

அதில் வரவேண்டியவை: சிடி34 செல்கள் (சிடி34 என்ற அடையாளப் புரதத்தால் பிரித்தறியப்படும் ஸ்டெம் செல்கள்) எத்தனை, அவற்றில் உயிரோடு இருப்பவை எத்தனை சதவீதம் (70-க்குக் கீழ் போனால் கவலைப்படவேண்டும்), சராசரியாக ஒரு செல்லுக்கு எத்தனை வெக்டர் பிரதிகள் ஏறியிருக்கின்றன, எத்தனை சதவீத செல்களில் குறைந்தது ஒன்றாவது ஏறியிருக்கிறது, பாக்டீரியா, பூஞ்சை, மைக்கோபிளாஸ்மா இல்லை என்பதற்கான சோதனை, எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நச்சின் அளவு, தானாகப் பெருகக்கூடிய வைரஸ் எதுவும் உருவாகவில்லை என்பதற்கான சான்று. அப்புறம் பொட்டன்சி, அதாவது இந்தச் செல் நிஜமாகவே வேலை செய்யுமா என்பதற்கான அளவீடு.

இந்தக் கடைசி ஒன்றில்தான் நல்ல நல்ல திட்டங்கள் மாட்டிக்கொள்கின்றன. செல்லுக்குள் மரபணு இருக்கிறது என்று காட்டுவது எளிது. அது சரியான செல் வகையில், சரியான அளவில், வேலை செய்யும் புரதத்தைத் தருகிறது என்று ஒவ்வொரு பேட்சிலும், சில நாட்களுக்குள், ஒரே மாதிரி திரும்பத் திரும்பக் காட்டவேண்டும். தலசீமியாவுக்கு என்றால் அந்த ஸ்டெம் செல்களைச் சிவப்பணுவாக வளர்த்து ஹீமோகுளோபின் அளவிடவேண்டும், அதற்கே இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். ஹீமோஃபிலியாவில் செல்களை மோனோசைட்டாக மாற்றி, வெளியே விடும் ஃபேக்டர் 8 ரத்தத்தை உறையவைக்கிறதா என்று பார்க்கவேண்டும். இந்தச் சோதனையை எலிப் பரிசோதனை நடக்கும் காலத்திலேயே உருவாக்கத் தொடங்குங்கள். மனிதச் சோதனைக்கு விண்ணப்பிக்கும்போது தொடங்கினால், அதுவரை செய்த பேட்சுகளை ஒன்றோடொன்று ஒப்பிட எந்த அளவுகோலும் உங்கள் கையில் இருக்காது.

வெக்டர் பிரதி எண்ணுக்கும் இரு பக்கமும் வேலி போடவேண்டும். குறைந்தால் நோய் தீராது. கூடினால் குரோமோசோமில் வைரஸ் போய் உட்கார்ந்த இடங்கள் கூடும், ஏதாவது ஒரு இடம் புற்றுநோய் மரபணுவுக்குப் பக்கத்தில் அமையும் வாய்ப்பும் கூடும். செல்லுக்குச் சராசரியாக 5 பிரதிகளுக்கு மேல் போகக்கூடாது என்பது பலரும் வைக்கும் மேல் எல்லை.

செல்: எடுப்பதில் தொடங்கி உறையவைப்பது வரை

இப்போது கணக்கு. 60 கிலோ ஆளுக்குக் கிலோவுக்கு 5 × 10⁶ என்றால் பையில் 3 × 10⁸ சிடி34 செல்கள் இருக்கவேண்டும். உறையவைத்து உருக்குவதில் கொஞ்சம் சாகும், சோதனைக்குக் கொஞ்சம் போகும், கல்ச்சரில் கொஞ்சம் போகும். ஆகவே வைரஸைச் சேர்க்கும் நேரத்தில் குறைந்தது 6 × 10⁸ கையில் வேண்டும். காந்தமணிகளால் சிடி34 செல்களைப் பிரித்தெடுக்கும் கட்டத்திலும் ஒரு பங்கு இழப்போம் என்பதால் நோயாளியிடமிருந்து 10⁹ அளவில் எடுக்கவேண்டும். இதுபோக, சிகிச்சை ஏதோ காரணத்தால் பிடிக்கவில்லை என்றால் அவரைக் காப்பாற்ற, எதுவும் செய்யாத செல்கள் ஒரு பங்கு தனியாக உறைநிலையில் இருக்கவேண்டும். இந்தக் காப்புப் பங்கு இல்லாமல் யாருக்கும் கீமோ கொடுக்காதீர்கள்.

ஸ்டெம் செல்கள் சாதாரணமாக மஜ்ஜைக்குள் இருப்பவை. ஜிசிஎஸ்எஃப், பிளெரிக்ஸாஃபோர் ஆகிய ஊசிகளைப் போட்டு அவற்றை ரத்தத்துக்கு வரவழைத்து, அபெரிசிஸ் இயந்திரத்தில் பிரித்தெடுக்கிறோம். இங்கே நோய்க்கு நோய் விதி மாறும். அரிவாள் செல் நோயாளிக்கு ஜிசிஎஸ்எஃப் கொடுத்தால் வெள்ளை அணுக்கள் பெருகி உயிருக்கே ஆபத்தான நெருக்கடி வரலாம், அவர்களுக்குப் பிளெரிக்ஸாஃபோர் மட்டும்தான். ஒரே சுற்றில் போதுமான செல் கிடைக்காமல் இரண்டு மூன்று சுற்று போகவேண்டி வரும். ஹீமோஃபிலியா நோயாளிக்குக் கழுத்தில் லைன் போடுவதற்கே முதலில் ஃபேக்டர் 8 ஏற்றவேண்டும். தயாரிப்பு அறையில் இருப்பவர்கள் வார்டுக்குப் போய் ஒரு அபெரிசிஸ் முழுவதையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே ஆகவேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். நாலு மணி நேரம் அசையாமல் படுத்திருக்கும் அந்த மனிதரைப் பார்த்தபின் ஒரு குழாயைக் கைதவறி விடமாட்டீர்கள்.

செல் கைக்கு வந்தபின் வேகம் முக்கியம். ஸ்டெம் செல்லை வெளியே வைத்து வளர்க்க வளர்க்க அதன் ஸ்டெம் தன்மை குறையும். எஸ்சிஎஃப், த்ராம்போபொயட்டின், ஃப்ளிட்3 லிகண்ட் போன்ற வளர்ச்சிக் காரணிகளோடு ஒரு நாள் எழுப்பிவிட்டு, வைரஸை ஒருமுறையோ இருமுறையோ சேர்த்து, இரண்டு மூன்று நாளுக்குள் வேலையை முடிப்பது வழக்கம். பைக்குள் ரெட்ரோநெக்டின் என்ற புரதம் பூசியிருந்தால் வைரஸும் செல்லும் ஒன்றையொன்று சந்திப்பது எளிதாகும்.

வைரஸை எவ்வளவு சேர்ப்பது? செல்லுக்கு 50 தொற்றும் அலகுகள் என்றால் 6 × 10⁸ செல்லுக்கு 3 × 10¹⁰. சாதாரண லென்டிவைரஸ் கல்ச்சர் மில்லிக்கு 10⁷ கொடுத்து, சுத்திகரிப்பில் 30 சதவீதம் தேறினால், லிட்டருக்கு 3 × 10⁹. ஒரு நோயாளிக்கு 10 லிட்டர். ஐந்து நோயாளிக்கு 50 லிட்டர், அதற்கு மேல் சோதனைகளுக்கான அளவு. இந்த எண்களைப் பார்த்துப் பயப்படவேண்டாம், இங்கேதான் கெட்டிக்காரத்தனத்துக்கு இடம் இருக்கிறது. செல்லுக்குள் வைரஸ் நுழைவதைக் கூட்டும் என்ஹான்சர் பொருட்கள் உண்டு. அவற்றைச் சேர்த்து, 50 அலகு செய்த வேலையை 10 அலகு செய்யும்படி ஆக்க முடிந்தால் 10 லிட்டர் 2 லிட்டர் ஆகிவிடும்.

வேலூர் சோதனையில் இது கண்ணுக்கு முன் தெரிந்தது. முதல் இரண்டு பேருக்கு என்ஹான்சர் இல்லாமல் செய்தார்கள், அவர்களின் ஃபேக்டர் 8 இயல்பில் 5 சதவீதத்தைச் சுற்றியும் 2 சதவீதத்தைச் சுற்றியும் நின்றது. அடுத்த மூவருக்கு என்ஹான்சர் சேர்த்தார்கள், அவர்களுக்குச் சுமார் 19-இலிருந்து 40 சதவீதம் வரை வந்தது. மாறியது ஒரு தயாரிப்புப் படி. கடுமையான ஹீமோஃபிலியா உள்ளவருக்கு 1 சதவீதத்துக்கும் கீழேதான் இருக்கும் என்பதை வைத்துப் பார்த்தால் அந்த ஒரு படியின் எடை தெரியும்.

என் அனுபவம் ஒன்று. நான் வேலை செய்த ஓர் ஆய்வகத்தில், ஆரோக்கியமான கொடையாளியின் செல்லை வைத்து ஒத்திகை ஓட்டம் நடத்தினோம். செல் வந்துசேரத் தாமதம். வைரஸை நாங்கள் முன்கூட்டியே உருக்கிவைத்துவிட்டோம், சில மணி நேரம் அது அறை வெப்பத்தில் இருந்தது. ஏட்டில் எல்லாப் படியும் சரி, ஒவ்வொரு கட்டத்திலும் கையெழுத்து இருக்கிறது, ஆனால் வெக்டர் பிரதி எண் எதிர்பார்த்ததில் பாதிகூட வரவில்லை. லென்டிவைரஸின் மேலுறை மென்மையானது, உருகியபின் ஒவ்வொரு மணி நேரமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும் என்பது எங்களுக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனால் உருக்கியபின் அதிகபட்சம் எத்தனை நிமிடம் என்று பேட்ச் ஏட்டில் எழுதியிருக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு படிக்கும் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்ற எல்லையை முன்பே சோதித்து எழுதிவைக்காமல் நான் எந்த ஓட்டத்தையும் தொடங்கவிடுவதில்லை.

உறையவைப்பது பற்றி ஒரே விஷயம். 2016-இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்ற ஸ்ட்ரிம்வெலிஸ், ஏடிஏ குறைபாடு என்ற பிறவி நோயெதிர்ப்புக் குறைபாட்டுக்கான அருமையான சிகிச்சை, ஆனால் அது உறையவைக்காத செல், ஆயுள் 6 மணி நேரம். அதனால் ஐரோப்பாவின் எந்த மூலையில் குழந்தை இருந்தாலும் குடும்பத்தோடு மிலானுக்குப் போகவேண்டியிருந்தது. உறையவைத்தால் சோதனைகள் முடியும்வரை காத்திருக்கலாம், பையை ஊருக்கு அனுப்பலாம், கீமோவை முடிவுகள் வந்தபின் தொடங்கலாம். உறையும்போது செல்லைக் காக்கும் டிஎம்எஸ்ஓ கலந்து, நிமிடத்துக்கு ஒரு டிகிரி வேகத்தில் இறக்கி, திரவ நைட்ரஜன் ஆவியில் வையுங்கள். முதல் நாளிலிருந்தே உறைந்த பைக்குத்தான் திட்டமிடுங்கள், நடுவில் மாற்றினால் பாதிச் சோதனைகளைத் திரும்பச் செய்யவேண்டி வரும்.

வைரஸ்: எல்லோரும் குறைத்து மதிப்பிடும் கட்டம்

லென்டிவைரஸை ஹெச்இகே 293டி என்னும் மனிதச் சிறுநீரகச் செல்லில் செய்கிறோம். நான்கு பிளாஸ்மிட் வேண்டும்: நம் மரபணு உள்ளது ஒன்று, வைரஸின் உடலும் நொதிகளும் தருவது ஒன்று, ரெவ் புரதத்துக்கு ஒன்று, மேலுறைக்கு ஒன்று. வைரஸின் பாகங்களை இப்படிப் பிரித்துவைப்பதே பாதுகாப்புக்காகத்தான், தானாகப் பெருகும் முழு வைரஸ் மறுபடி ஒன்றுசேர பல தற்செயல்கள் ஒரே நேரத்தில் நடக்கவேண்டும். பிளாஸ்மிட்டை ஜிஎம்பி, அதாவது மருந்துத் தயாரிப்புத் தரத்தில் செய்து வாங்க மாதக்கணக்கில் ஆகும், எனவே எல்லாவற்றுக்கும் முன் ஆர்டர் போடவேண்டியது இதைத்தான். ஆம்பிசிலின் எதிர்ப்பு மரபணு இருக்கும் பிளாஸ்மிட்டோடு தொடங்காதீர்கள், பெனிசிலின் ஒவ்வாமை பற்றிக் கேள்வி வரும், கனமைசினுக்கு மாறுங்கள்.

செல்லில் பிளாஸ்மிட்டைப் பிஇஐ என்ற வேதிப்பொருளை வைத்து ஏற்றி, இரண்டு மூன்று நாள் வைரஸை அறுவடை செய்து, மிச்ச டிஎன்ஏவை நொதியால் நறுக்கி, செல் குப்பையை வடிகட்டி, அயனிப் பரிமாற்றப் படலத்தில் பிடித்து விட்டு, டிஎஃப்எஃப் என்ற வடிகட்டும் முறையில் செறிவாக்கி, கடைசியாக 0.22 மைக்ரான் வடிகட்டியில் விடுகிறோம். லென்டிவைரஸ் 0.1 மைக்ரானைக் கொஞ்சம் தாண்டிய அளவு உள்ளது, அந்தக் கடைசி வடிகட்டியில் சில சமயம் பாதி போய்விடும். உப்பு கூடினால் சாகும், அமிலம் கூடினால் சாகும், நுரைத்தால் சாகும். ஆகவே ஒவ்வொரு படிக்கு முன்னும் பின்னும் தொற்றும் அலகை அளந்து, எங்கே எவ்வளவு போகிறது என்று அட்டவணை வையுங்கள். வைரஸின் உடலில் இருக்கும் பி24 புரதத்தை மட்டும் அளந்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள், அது செத்த வைரஸையும் சேர்த்துத்தான் எண்ணும்.

அறுவடை செய்யும் தட்டைத் தேர்ந்தெடுப்பதும் முதல் நாள் முடிவு. ஒட்டி வளரும் செல்லைப் பல அடுக்குத் தட்டுகளில் வளர்ப்பது தொடங்க எளிது, ஐந்து பத்து நோயாளிக்குப் போதும். ஐம்பது பேர் என்று நினைத்தால் அறை முழுக்கத் தட்டு அடுக்கவேண்டி வரும், அதைத் தூக்கி இறக்கவே ஆள் வேண்டும். மிதந்து வளரும் செல்லைப் பயோரியாக்டரில் வளர்க்கப் பழகுவதற்கு ஒரு வருடம் கூடுதலாக ஆகலாம். என்னைக் கேட்டால் அந்த ஒரு வருடத்தை ஆரம்பத்திலேயே செலவழியுங்கள் என்பேன்.

கிளீன்ரூம் பற்றி நீட்டவில்லை. திறந்து வேலை செய்தால் கிரேடு ஏ ஹூட், அதைச் சுற்றி கிரேடு பி அறை. மூடிய குழாய்களிலேயே எல்லாம் நடக்கும்படி செய்தால் கிரேடு சி அறை போதும், செலவும் குறையும், கலப்பும் குறையும். மூடிய முறைக்கே போங்கள்.

கடைசியாக மரபணு

இப்போது உங்கள் வரைபடத்தை எடுக்கலாம். மேலே உள்ள எல்லா எண்களும் அந்த வரைபடத்தைத் திருத்தச் சொல்லும். செருகும் துண்டின் நீளம் கூடக்கூட வைரஸின் டைட்டர், அதாவது மில்லிக்குக் கிடைக்கும் தொற்றும் அலகு, விழும், தலசீமியாவுக்கான பீட்டா குளோபின் வெக்டர்கள் பல வருடம் திணறியதற்கு அதன் நீண்ட கட்டுப்பாட்டுப் பகுதிகளும் ஒரு காரணம். ஆகவே துண்டைச் சுருக்க முடியுமா என்று பாருங்கள்.

புரமோட்டர் விஷயத்தில் மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம். எஸ்சிஐடி எக்ஸ்1 என்ற பிறவி நோயெதிர்ப்புக் குறைபாட்டுக்குப் பாரிஸில் நடந்த சோதனையில் பழைய வகை காமா ரெட்ரோவைரஸ் எல்எம்ஓ2 என்ற மரபணுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதை எழுப்பிவிட, காப்பாற்றப்பட்ட குழந்தைகளில் சிலருக்கு லுகீமியா வந்தது. அதன்பின் வைரஸின் இருமுனைகளையும் முடக்கிய லென்டிவைரஸுக்கு எல்லோரும் மாறினோம். ஆனாலும் மூளை அட்ரினோலுகோடிஸ்ட்ரோஃபி என்ற மரபு நோய்க்கான ஸ்கைசோனா சிகிச்சையில் வலிமையான வைரஸ் புரமோட்டர் ஒன்றை வைத்திருந்தார்கள், சிகிச்சை பெற்ற 67 பேரில் 7 பேருக்கு ரத்தப் புற்றுநோய் வந்ததாக 2024-இல் பதிவானது. எல்லாச் செல்லிலும் முழு வேகத்தில் ஓடும் புரமோட்டர் எலியில் அழகான எண் தரும். வேண்டிய செல் வகையில் மட்டும் விழிக்கும் புரமோட்டரைத் தேடுங்கள். வேலூர் வெக்டரில் இருப்பது சிடி68 புரமோட்டர், மோனோசைட் வகைச் செல்களில்தான் அது முக்கியமாக விழிக்கும். ஃபேக்டர் 8-ஐயும் மனித, பன்றி வரிசைகளைக் கலந்து, நன்றாகச் சுரக்கும்படி மாற்றியமைத்திருந்தார்கள். குறைந்த பிரதியிலேயே போதுமான புரதம் கிடைத்தால் வைரஸும் குறைவாகப் போதும், ஆபத்தும் குறையும்.

அனுமதி, கீமோ, பணம்

இந்தியாவில் பாதை தெளிவாகவே இருக்கிறது. மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆர், பயோடெக்னாலஜி துறை, மருந்துகளுக்கு அனுமதி தரும் சிடிஎஸ்சிஓ மூன்றும் சேர்ந்து 2019-இல் மரபணு சிகிச்சைக்கான தேசிய வழிகாட்டுதலை வெளியிட்டன, முதலில் அதை முழுக்கப் படியுங்கள். நிறுவனத்தின் உயிர்ப்பாதுகாப்புக் குழு, மரபணு மாற்றப் பணிகளை மறுஆய்வு செய்யும் ஆர்சிஜிஎம் குழு, மரபணு சிகிச்சைக்கான ஆலோசனைக் குழு, நெறிமுறைக் குழு, சிடிஎஸ்சிஓ, சோதனையைச் சிடிஆர்ஐ என்ற தேசியப் பதிவேட்டில் பதிவு செய்வது என்று படிகள். எலிச் சோதனைத் தரவு முடிந்தபின் போய் நிற்காதீர்கள். முக்கியமான விலங்குச் சோதனைகளை எந்தத் தயாரிப்பு முறையில் செய்த வைரஸால் செய்யப்போகிறீர்கள் என்பதை முன்பே பேசுங்கள், ஏனென்றால் ஆய்வக வைரஸால் செய்த நச்சுத்தன்மைச் சோதனை பிறகு செல்லாமல் போகலாம்.

கீமோ. செல் திரும்பப் போய் உட்கார மஜ்ஜையில் இடம் வேண்டும், அதற்கு புசல்ஃபான் போன்ற மருந்தால் பழைய செல்களை அழிக்கவேண்டும். முடி கொட்டும், வாய் புண்ணாகும், சில வாரம் தொற்று ஆபத்து, குழந்தை பெறும் திறன் போகலாம். விந்தணுவையோ முட்டையையோ முன்பே சேமிக்க ஏற்பாடு செய்வது உங்கள் திட்டத்தின் ஒரு பகுதி, அதற்கான செலவையும் பட்ஜெட்டில் எழுதுங்கள். ஒப்புதல் படிவத்தை நோயாளியின் தாய்மொழியிலேயே புரியும்படி எழுதுங்கள், இங்கிலீஷ் படிவத்தின் மொழிபெயர்ப்பை நீட்டாதீர்கள்.

பணம் பற்றி. அமெரிக்காவில் அறிமுகமானபோது தலசீமியாவுக்கான ஸிண்டெக்லோவின் விலை 28 லட்சம் டாலர், ஒரு சேமிப்பு நோய்க்கான லென்மெல்டியின் விலை 42.5 லட்சம் டாலர். இந்தியாவின் 2021 அரிய நோய்க் கொள்கையில் ஒரு நோயாளிக்குக் கிடைக்கக்கூடிய உச்ச உதவி 50 லட்சம் ரூபாய். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். தலசீமியா உள்ள ஒரு குழந்தை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொள்ள அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறது. அந்தக் குடும்பத்துக்கு எட்டும் விலையில் பை வரவேண்டும் என்றால் பிளாஸ்மிட், வைரஸ், காந்தமணி, வளர்ச்சிக் காரணி, பை, எல்லாவற்றையும் இங்கே செய்யவேண்டும். மும்பை ஐஐடியில் பிறந்த சிஏஆர்-டி சிகிச்சை (நோயாளியின் நோயெதிர்ப்புச் செல்லில் மரபணு சேர்ப்பது) 2023 அக்டோபரில் அனுமதி பெற்று, வெளிநாட்டு விலையில் ஒரு சிறு பங்குக்கு வந்தது. அது புற்றுநோய்க்கானது, ஆனால் லென்டிவைரஸும் செல் தயாரிப்பும் அதே வேலைதான். அரிவாள் செல் நோய்க்கு டெல்லியின் சிஎஸ்ஐஆர் ஐஜிஐபி ஆய்வு நிறுவனம் உருவாக்கிய கிரிஸ்பர் முறையும் 2025-இல் தயாரிப்பு நிறுவனத்தின் கைக்குப் போயிருக்கிறது. உங்கள் பொருள் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எதிரே இறக்குமதி விலையையும் இங்கேயே செய்தால் ஆகக்கூடிய விலையையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மூன்று நான்கு பொருள்தான் மொத்தச் செலவையும் தூக்குகிறது, அங்கிருந்து தொடங்கலாம்.

முதல் நோயாளிக்கு முன் ஆரோக்கியமான கொடையாளிகளின் செல்லை வைத்து முழு ஓட்டத்தையும் குறைந்தது மூன்று முறை, அதே ஆட்களோடு, அதே அறையில், அதே நேரங்களில் ஓட்டுங்கள். பையில் யாருடைய செல் என்பதை ஒவ்வொரு கைமாற்றத்திலும் இரண்டு பேர் உரக்கப் படித்துச் சரிபார்க்கவேண்டும், ஒருவர் செல் இன்னொருவருக்குப் போனால் அதைத் திருப்பவே முடியாது.

செல்லை ஏற்றியபின் 15 வருடம் அவரைத் தொடர்ந்து பார்க்கவேண்டும், ரத்தத்தில் எந்தச் செல் வம்சம் பெருகுகிறது என்று ஒவ்வொரு வருடமும். ஆகவே ஒவ்வொரு பேட்சிலிருந்தும் வைரஸில் சில குப்பிகளையும் செல்லில் சில குப்பிகளையும் எடுத்து, அழியாத லேபிள் ஒட்டி, இரண்டு வெவ்வேறு கட்டடங்களில் இருக்கும் நைட்ரஜன் தொட்டிகளில் வையுங்கள். எந்தத் தொட்டி, எந்த அடுக்கு என்பதைக் கணினியிலும் காகிதத்திலும் எழுதுங்கள். பத்தாவது வருடம் ஒரு எண் லேசாக ஏறினால் முதலில் தேடவேண்டியது அந்தக் குப்பியைத்தான், அன்றைக்கு நீங்கள் அந்த ஆய்வகத்தில் இருக்கமாட்டீர்கள்.